அப்பத்தாவோட இசைகுடிமானமும் மௌபின் பத்திரமும்

போன வருஷம் பொறந்த வீட்டுப் படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடறதுக்கு, கானாடுகாத்தான் பக்கத்துல இருக்கற எங்க ஊருக்குப் போயிருந்தேன். வருஷம் பூரா பூட்டிக் கெடக்கற வீடு, படைப்பு வந்தா மட்டும் ரெண்டு நாளைக்கு உசுரு வந்துரும், சென்னை கோயம்புத்தூர் சிங்கப்பூர்னு எங்கெங்கயோ இருக்கற பங்காளிக எல்லாம் வந்து சேருவாக, வளவுல கோலம் விழும், ரெண்டாங்கட்டுல அடுப்பு எரியும். கும்பிட்டு சாப்பிட்டு முடிச்சு ராத்திரி பட்டாலையில பாயைப் போட்டு உக்காந்து பேச ஆரம்பிச்சா விடிஞ்சிரும். அப்படிப் பேசிட்டு இருந்தப்பதான் லண்டன்ல இருக்கற சித்தப்பா மகன், எனக்கு தம்பி, ஒரு கேள்வியைப் போட்டான்.

"ஆச்சி, இங்க எல்லாரும் அரசியல் சட்டம் அரசியல் சட்டம்னு புஸ்தகத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டுறாக. நான் இருபது வருஷமா இருக்கற நாட்டுல அப்படி ஒரு புஸ்தகமே கெடையாது. அதனால யாரு என்ன கெட்டுப் போயிட்டாக? ராத்திரி பன்னண்டு மணிக்கு தனியா நடந்து வீட்டுக்குப் போறேன், போலீஸ்காரன் என்னைய சார்னு கூப்பிடுறான். இங்க 395 பிரிவு எழுதி வச்சுக்கிட்டு என்னத்தைக் கண்டோம்?"

சுத்தி இருந்தவுகள்ல பாதிப்பேரு தலையாட்டுனாக. எனக்கு அந்த நேரத்துல பதில் வரல. ஆடிட்டர் ஆபீஸ்ல 24 வருஷம் வேலை பாத்தவ நான், பேப்பர்ல இல்லாதது கணக்குல இல்லைங்கறது எனக்கு நல்லாத் தெரியும், ஆனா அதையே ஒரு நாட்டுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கேள்வி மட்டும் என்னை விடவே இல்ல. மறுநாள் எல்லாரும் காரு ஏறிப் போனப்பறம் மெத்தைக்கு, அதாவது மாடிக்குப் போயி அப்பத்தாவோட தகரப் பெட்டியைத் தொறந்தேன். அதுல இருந்த ரெண்டு காகிதத்தை வச்சுத்தான் இதை எழுதுறேன்.

மொத காகிதம் அப்பத்தாவோட இசைகுடிமானம், கல்யாணத்துக்கு எழுதுன ஒப்பந்தம். எங்க ஆளுகளுக்கு, நாட்டுக்கோட்டைச் செட்டியாருகளுக்கு, எழுதி வைக்கறது ரத்தத்துலயே ஊறுனது. வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா சேர்றவன் மொத கத்துக்கறதே கணக்குத்தான், பற்று வரவு, பேரேடு, வருஷம் முடிஞ்சா ஐந்தொகை. கல்யாணத்துக்கும் அப்படித்தான், ரெண்டு வீடும் இசைஞ்சு இன்ன ஊரு, இன்ன கோயிலு, இன்னார் மகனுக்கு இன்னார் மகளைக் குடுக்கறோம்னு எழுதிக்குவாக, அந்தக் காலத்துல ஓலையில, அப்புறம் காகிதத்துல. சீதனத்துக்கும் சாமானுக்கும் பட்டியல் உண்டு. பொண்ணு கொண்டு வந்த பணத்தை கடையில வட்டிக்குப் போட்டு அவ பேர்லயே கணக்கு வைப்பாக, ஆச்சிமார் பணம்னு அதுக்குப் பேரு. இதையெல்லாம் சின்ன வயசுல நான் சடங்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன், அது எதுக்காகன்னு தெரிஞ்சது அப்பத்தா கதையைக் கேட்டப்பறம்தான்.

ஐயா, அப்பத்தாவோட வீட்டுக்காரவுக, 1942-ல பர்மாவுல இருந்து நடந்தே வந்தவுக. வந்து ரெண்டு வருஷத்துல காலமாயிட்டாக. அப்பத்தாவுக்கு அப்ப 26 வயசு, அப்பச்சிக்கு, அதாவது எங்க அப்பாவுக்கு, நாலு. பங்காளிக "கடையே போச்சு, கடையில கெடந்த பணமும் அதோட போச்சு"ன்னு சொல்லிட்டாக. அப்பத்தா சண்டை போடல. இசைகுடிமானத்தையும் சீதனப் பட்டியலையும் கடையில இருந்து வந்த வட்டிக் கணக்கையும் எடுத்துக்கிட்டு, ஊர்ப் பெரியவுக கோயில்ல கூடுன அன்னிக்குப் போயி முன்னால வச்சாக. அறுத்த பொம்பளை அங்க வந்து நின்னதே அந்தக் காலத்துல பெரிய விஷயம். படிச்சுப் பாத்தவுக "எழுத்து இருக்கேப்பா, பதில் சொல்லித்தான ஆகணும்"னு சொன்னாகளாம். முழுசா வரல, ஆனா அப்பச்சி காலேஜ் படிக்கற அளவுக்கு வந்துச்சு. நான் இன்னிக்கு இதை எழுதற வரைக்கும் அந்தக் காகிதத்தோட புண்ணியம் இருக்கு.

ரெண்டாவது காகிதம் அதுக்கு அடியில ஒரு கட்டா கெடந்துச்சு. பர்மாவுல மௌபின்ங்கற ஊருப் பக்கத்து நெல்லு வயலுக்கு எழுதுன அடமானப் பத்திரம், கிரயப் பத்திரம், எல்லாம் முத்திரையோட, கையெழுத்தோட, கரையான் கூட தொடாம அப்படியே இருக்கு. ஒத்தைப் பைசா பெறாது.

பர்மா கதை எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான், ஆனா பெரும்பாலும் பாதிதான் சொல்லுவாக, சொல்லாத பாதியையும் சேத்துச் சொன்னாத்தான் சரியா வரும். 1930-ல கீழ்பர்மாவோட முக்கியமான நெல்லு ஜில்லாக்கள்ல செட்டியார் கைவசம் இருந்த நிலம் 6 சதவீதம்தான். உலகம் பூரா வியாபாரம் படுத்து நெல்லு விலை அதலபாதாளத்துக்குப் போனதும் கடன் வாங்குன சம்சாரிகளால, அதாவது வெவசாயிகளால, கட்ட முடியல, நிலம் கடைக்கு வந்துச்சு, 1937 வாக்குல அதே ஜில்லாக்கள்ல நாலுல ஒரு பங்கு நம்ம ஆளுக பேர்ல. பணம் குடுத்தவுகளுக்கே அந்த நிலம் வேண்டாம், அவுகளுக்கு வேண்டியது பணம், இருந்தாலும் பத்திரம் அவுக பேர்லதான இருக்கு. அந்தப் பர்மாக்காரச் சம்சாரியோட பக்கத்துல நின்னு பாத்தா எழுத்துங்கறது அவனைக் காப்பாத்துன பொருளா, அவன் நிலத்தைக் கொண்டு போன பொருளா? இதை எங்க வீட்டுல யாரும் வாய்விட்டுப் பேசி நான் கேட்டதில்ல. எனக்கு இதை எழுதறப்பவே நெஞ்சுல ஒரு பாரம் இருக்கு.

பர்மா 1948 ஜனவரி 4 சுதந்திரம் அடைஞ்சப்ப அவுககிட்ட எழுதப்பட்ட அரசியல் சட்டம் இருந்துச்சு, 1947-லயே எழுதி முடிச்சது, நம்மளுக்கு முன்னாடி. சட்டத்துக்கு முன்னால எல்லாரும் சமம், இனம் மதம் பாத்து வித்தியாசம் காட்டக் கூடாதுன்னு எல்லாம் நல்லாவே எழுதியிருந்தாக. நிலம் எல்லாத்துக்கும் கடைசிச் சொந்தக்காரர் அரசாங்கம்தான்னும் அதே புஸ்தகத்துல இருந்துச்சு, 1948-லயே நில தேசியமயச் சட்டம் வந்து எங்க ஐயாவோட பத்திரம் எல்லாம் வெறுங்காகிதம் ஆச்சு. அதைக்கூட நான் பெருசாச் சொல்ல மாட்டேன், சம்சாரிக்கு நிலம் போனா போகட்டும். ஆனா 1962 மார்ச் 2-ஆம் தேதி ராணுவம் ஆட்சியைப் பிடிச்சப்ப நடந்ததுதான் இந்தக் கேள்விக்கு நேரடியா வர்ற விஷயம். பிரதமரைப் பிடிச்சாக, கூடவே நாட்டோட தலைமை நீதிபதியையும் பிடிச்சு உள்ள வச்சாக. புஸ்தகத்தை மூலையில தூக்கிப் போட்டாக. அடுத்த அரசியல் சட்டம்னு ஒண்ணு 1974-லதான் வந்துச்சு. இடையில கடைகளை எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 1964-ல 50 சாட், 100 சாட் நோட்டு செல்லாதுன்னுட்டாக, லட்சக்கணக்கான நம்ம சனங்க, செட்டியாருக மட்டும் இல்ல, மூட்டை தூக்குனவுக, ரிக்‌ஷா இழுத்தவுக, சின்னச் சின்னக் கடை வச்சிருந்தவுக எல்லாம் கட்டுன துணியோட கப்பல் ஏறுனாக. காரைக்குடியில பர்மா காலனி அப்படி வந்ததுதான்.

அப்ப தம்பி சொன்னது சரிதானே? எழுதி வச்சும் என்னத்தைக் கண்டோம்?

இலங்கையைப் பாத்தா அவன் கட்சி இன்னும் பலமாகும். எங்க தெருவுல இட்லிக் கடை வச்சிருக்கற அக்கா அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவுக, சின்னப் பிள்ளையா தலைமன்னார்ல கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல எறங்கி மண்டபம் முகாமுக்கு வந்தவுக. அவுக குடும்பம் மூணு தலைமுறையா அந்த மலையில கொழுந்து பறிச்ச குடும்பம். இலங்கை சுதந்திரம் அடைஞ்சப்ப இருந்த சோல்பரி அரசியல் சட்டத்துல 29-ஆம் பிரிவு ரெண்டாம் உட்பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு, எந்த ஒரு சமூகத்துக்கும் மத்தவுகளுக்கு இல்லாத கஷ்டத்தைக் குடுக்கற சட்டம் போடக் கூடாதுன்னு. நல்ல வாசகம். ஆனா யாரு குடிமகன்னு அந்தப் புஸ்தகத்துல எழுதல. 1948-ல பாராளுமன்றம் சாதாரணச் சட்டமா ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டுச்சு, உன் அப்பா இந்த மண்ணுல பொறந்தவர்னு காட்டு, இல்லன்னா தாத்தாவும் பூட்டனும் பொறந்ததைக் காட்டுன்னு. சட்டத்துல தமிழன்ங்கற வார்த்தையே கெடையாது. தோட்டத்து வரிசை வீட்டுல, லயத்துல பொறந்தவனுக்கு பர்த் சர்ட்டிபிகேட் ஏது? சுமாரா ஏழு லட்சம் பேரு ஒரே சட்டத்துல நாடில்லாதவுக ஆனாக. 29-ஐ வச்சு கேஸ் போட்டாக, லண்டன்ல இருந்த பிரிவி கவுன்சில் வரைக்கும் போச்சு, 1953-ல அதுவும் அந்தச் சட்டம் செல்லும்னு சொல்லிருச்சு. 1964-ல சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு இத்தனை லட்சம் உனக்கு, இத்தனை லட்சம் எனக்குன்னு ஆளுகளைப் பங்கு பிரிச்சாக, அஞ்சே கால் லட்சம் பேரு இந்தியா பங்குக்கு வந்தாக. அந்த 29-ஆம் பிரிவே 1972-ல புது அரசியல் சட்டம் வந்தப்ப காணாமப் போச்சு.

இதை அந்த அக்காகிட்ட ஒரு நா காலையில கடை ஓஞ்ச நேரத்துல சொன்னேன். "எங்களைக் காப்பாத்தன்னு ஒரு வரி எழுதியிருந்துச்சா? எங்களுக்கு யாருமே சொல்லலையேம்மா"ன்னாக. அவ்வளவுதான் சொன்னாக. அப்புறம் மாவைக் கரைக்கப் போயிட்டாக. அந்த ஒரு பேச்சை வச்சு நான் ரெண்டு வாரம் யோசிச்சேன்.

சரி, தம்பியோட லண்டனுக்கு வருவோம். அங்க ஒரே புஸ்தகமா இல்லையே தவிர எழுத்தே இல்லைன்னு சொல்ல முடியாது. 1215-ல மன்னர்கிட்ட வாங்குன சாசனம், ஆளைக் காரணம் சொல்லாம அடைச்சு வைக்கக் கூடாதுங்கற 1679 சட்டம், 1689 உரிமைச் சட்டம், 1998 மனித உரிமைச் சட்டம், இப்படித் தனித்தனியா கெடக்கு, மிச்சம் எல்லாம் வழக்கம், மரபு. நியூசிலாந்துலயும் கிட்டத்தட்ட இதே கதைதான். லண்டன் கோர்ட்டுக்கு முதுகெலும்பு இல்லைன்னும் சொல்ல முடியாது, 2019 செப்டம்பர்ல பிரதமர் பாராளுமன்றத்தை முடக்கி வச்சது செல்லாதுன்னு 11 நீதிபதிகளும் ஒண்ணாச் சொன்னாக. நல்ல நாடுதான், நான் மறுக்கல. ஆனா அங்க பாராளுமன்றம் நினைச்சா எந்தச் சட்டத்தையும் போடலாம், எதையும் எடுக்கலாம், இதுக்கு மேல போகாதேன்னு கோடு போட ஒண்ணும் கெடையாது.

1968-ல அதான் நடந்துச்சு. கென்யாவுல இருந்த இந்திய வம்சாவளிக்காரங்க பல பேருகிட்ட பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்துச்சு, முழுசா செல்லுபடியாகற பாஸ்போர்ட். அங்க வாழ முடியாத நிலைமை வந்து லண்டனுக்கு வர ஆரம்பிச்சாக. பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஏறக்குறைய ஒரே வாரத்துல ஒரு சட்டம் போட்டுச்சு. பாஸ்போர்ட் இருந்தாலும் பத்தாது, தானோ அப்பா அம்மாவோ தாத்தா பாட்டியோ பிரிட்டன்ல பொறந்திருக்கணும், இல்ல அங்க குடியுரிமை வாங்கியிருக்கணும்னு. படிச்சப்ப எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, இது அந்த இட்லிக்கடை அக்காவோட அப்பாகிட்ட கேட்ட அதே கேள்வி! உன் தாத்தா எங்க பொறந்தான்? அந்தச் சட்டத்துலயும் நிறம்னு ஒரு வார்த்தை கெடையாது. இதை எடுத்துக்கிட்டுப் போயி இது எங்க நாட்டு அடிப்படைக்கே விரோதம்னு சொல்ல அங்க ஒரு கோர்ட்டும் இல்ல, காட்ட ஒரு பக்கமும் இல்ல. கடைசியில ஐரோப்பிய மனித உரிமை ஆணையம், அதாவது வெளியில எழுதி வச்ச ஒரு ஒப்பந்தத்தைக் கையில வச்சிருந்த ஆளுக, 1973-ல இது இனம் பாத்து மனுசனை இழிவு பண்றதுன்னு சொன்னாக. விண்ட்ரஷ் விஷயம் 2018-ல வெடிச்சதும் கிட்டத்தட்ட இதேதான், கரீபியன் தீவுகள்ல இருந்து சின்னப் பிள்ளையா வந்து அம்பது வருஷம் அங்கயே உழைச்சவுககிட்ட ஆதாரம் காட்டுன்னு கேட்டாக, அவுக வந்து எறங்குன சீட்டையெல்லாம் 2010-லயே அரசாங்கமே அழிச்சிருந்துச்சு.

தம்பிகிட்ட போன்ல இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "எனக்கு பாஸ்போர்ட் இருக்கு ஆச்சி"ன்னான். "அவுகளுக்கும் இருந்துச்சுப்பா"ன்னேன்.

நம்ம புஸ்தகத்தையும் அப்படியே தூக்கி வச்சுக் கொண்டாட எனக்கு மனசு வரல. 1950-ல அது அமலுக்கு வந்த சூட்டோடயே கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் மெட்ராஸ் மாகாண ஜெயில்ல இருந்துக்கிட்டு, விசாரணை இல்லாம என்னை அடைச்சு வச்சிருக்கீங்க, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் உரிமை குடுக்கற 21-ஆம் பிரிவு என்னாச்சுன்னு கேட்டார். சுப்ரீம் கோர்ட்ல தோத்துட்டார். சட்டம்னு ஒண்ணு போட்டிருக்காங்கல்ல, அது போதும்னுட்டாங்க. அதே 21-ஆம் பிரிவை, ஒரு எழுத்து மாறாம, 1978-ல மேனகா காந்தி வழக்குல வேற மாதிரி படிச்சாங்க, வெறும் சட்டம் போட்டாப் பத்தாது, அது நியாயமாவும் இருக்கணும்னு. எழுத்து அதேதான். படிச்ச கண்ணு வேற.

நடுவுல எமர்ஜென்சி. 1975 ஜூன்ல ஆரம்பிச்சு 1977 மார்ச் வரைக்கும். அதைக் கொண்டு வந்ததும் அதே புஸ்தகத்துல இருந்த ஒரு பிரிவுதான், 1976 ஜனவரி 31-ஆம் தேதி தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைச்சதும் அதே புஸ்தகத்துல இருக்கற இன்னொரு பிரிவுதான், வீட்டைப் பூட்டறதுக்குச் செஞ்ச சாவிக்கொத்துலயே கதவைப் பேக்கற கடப்பாரையும் தொங்குச்சு. எமர்ஜென்சியில விசாரணை இல்லாம உள்ள போட்டவங்க கோர்ட்டுக்குப் போகலாமாங்கறதுதான் 1976 ஏப்ரல்ல தீர்ப்பான ஜபல்பூர் வழக்கு. அது நடந்தப்ப, போலீஸ்காரன் சொந்தப் பகையில ஒருத்தனைச் சுட்டுக் கொன்னாக்கூட கோர்ட்டுக்கு வர முடியாதான்னு நீதிபதி கன்னா கேட்டார். எமர்ஜென்சி இருக்கற வரைக்கும் முடியாதுன்னு அரசாங்கத்தோட தலைமை வக்கீல் பதில் சொன்னார். அஞ்சு நீதிபதியில நாலு பேரு அதுக்கு ஒத்துக்கிட்டாங்க. கன்னா மட்டும் முடியாதுன்னு எழுதினார், அதனால அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி போச்சு.

ஆனா பர்மாவுக்கும் நம்மளுக்கும் வித்தியாசம் இந்த இடத்துலதான் இருக்குன்னு நான் நினைக்கறேன். அங்க புஸ்தகத்தையும் எடுத்துட்டாங்க, அதைப் படிக்கற நீதிபதியையும் எடுத்துட்டாங்க. இங்க புஸ்தகம் கெடந்துச்சு, அதுல கன்னா எழுதுன தீர்ப்பும் சேந்து கெடந்துச்சு. தேர்தல்ல சனங்க ஆட்சியை மாத்துனப்பறம் 1978-ல 44-ஆவது திருத்தம் போட்டு, எமர்ஜென்சியே வந்தாலும் உயிர் உரிமையை நிறுத்தி வைக்க முடியாதுன்னு எழுதினாங்க. 2017-ல ஒன்பது நீதிபதிகள் உக்காந்து அந்த ஜபல்பூர் தீர்ப்பு தப்புன்னு சொன்னாங்க. 1976-ல ஒத்துக்கிட்ட நாலு பேர்ல ஒருத்தர் ஒய்.வி. சந்திரசூட், 2017-ல அது தப்புன்னு எழுதினது அவர் மகன். நாப்பது வருஷம் ஆச்சு. உள்ள கெடந்தவங்களுக்கு அதனால என்ன பிரயோஜனம்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. ஆனா எழுதாம இருந்திருந்தா எது தப்புன்னு எதை வச்சுச் சொல்லியிருப்பாங்க?

இப்ப எங்க ஊரு விஷயத்துக்கு வர்றேன், உண்மையைச் சொன்னா இதை எழுத ஆரம்பிச்சதே இதுக்காகத்தான்.

எழுதாத அரசியல் சட்டம்னா என்னன்னு தெரிஞ்சுக்க லண்டன் போக வேண்டாம், எங்க வீட்டைச் சுத்திப் பாத்தாலே போதும். தெருத் திண்ணை, முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, பின்கட்டு, பின்வாசல். ஆத்தங்குடி கல்லையும் பர்மாத் தேக்கையும் பாக்க இப்ப எந்தெந்த ஊர்ல இருந்தெல்லாமோ டூரிஸ்ட் வர்றாக, அழகுதான், எனக்கும் அந்த வீடுன்னா உசுரு. ஆனா அந்தக் காலத்துல யாரு திண்ணையோட நிக்கணும், யாரு முகப்பு வரைக்கும் வரலாம், யாரு பின்வாசல் வழியாத்தான் வரணும், யாருக்குப் பின்வாசலும் கெடையாதுன்னு எந்தச் சுவத்துலயும் எழுதல, ஆனா மூணு வயசுப் பிள்ளைக்குக் கூட அது தெரியும். வீட்டுப் பொம்பளைகளுக்கும் முகப்புல வேலை கெடையாது. அந்தச் சட்டத்தை யாரும் மீற மாட்டாக, கேஸ் போட மாட்டாக, திருத்தம் கொண்டு வர மாட்டாக, ஏன்னா இல்லாத எழுத்தை எப்படித் திருத்தறது?

என்கூட ஆபீஸ்ல வேலை பாத்தவ தேவகோட்டை பக்கத்துக்காரி, பட்டியல் சாதி. கண்டதேவி தேரைப் பத்தி அவ சொல்லித்தான் எனக்கு முழுசாத் தெரியும். சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில் ஆனித் தேரு, உஞ்சனை, செம்பொன்மாரி, இறகுசேரி, தென்னிலைன்னு நாலு நாட்டுக்காரங்களும் ஆளுக்கொரு வடம். அவங்க அப்பா வருஷா வருஷம் தேர் பாக்கப் போவாராம், தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்துருவாராம். "தொடக்கூடாதுன்னு யாரு சொன்னா, எங்க எழுதியிருக்குன்னு சின்னப் புள்ளையில எங்கப்பாகிட்ட கேட்டேன் அக்கா, அதெல்லாம் எழுத மாட்டாங்கம்மா, தெரியும்னாரு"ன்னா. அந்த "தெரியும்"ங்கற வார்த்தைதான் அங்க அரசியல் சட்டம்.

ஒரு தடவை அதை வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க. 1930 டிசம்பர்ல ராமநாதபுரம் ஜில்லாவுல, அப்ப இந்தப் பக்கம் எல்லாம் அந்த ஜில்லாதான், ஆதிதிராவிடருக்கு எட்டுக் கட்டுப்பாடு போட்டாங்க. நகை போடக்கூடாது, ஆம்பளைங்க முழங்காலுக்குக் கீழ வேட்டி எறக்கக்கூடாது, சட்டை பனியன் போடக்கூடாது, தலைமுடி கிராப்பு வெட்டக்கூடாது, மண்சட்டி தவிர வேற பாத்திரம் வைக்கக்கூடாது, பொம்பளைங்க மேலுடம்பை மூடக்கூடாது, பூ வைக்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது செருப்புப் போடக்கூடாது. மீறுனவங்க குடிசையைக் கொளுத்துனாங்க. அடுத்த வருஷம் எட்டு பதினொண்ணாச்சு. இதெல்லாம் அந்தக் காலத்து அரசாங்க அதிகாரிகளே எழுதி வச்சிருக்கறதுதான். வழக்கம் மக்களைக் காப்பாத்தும், மரபு காப்பாத்தும்னு யாராச்சும் சொன்னா எனக்கு இந்த எட்டும் ஞாபகத்துக்கு வருது. அதுவும் வழக்கம்தான, அதுவும் மரபுதான.

அதுக்கு எதிரா அந்த ஆபீஸ் தோழிகிட்ட என்ன இருந்துச்சு? 17-ஆம் பிரிவு. தீண்டாமை ஒழிக்கப்பட்டதுங்கற ரெண்டு வரி. 1998-ல தேர்ப் பிரச்னை பெருசாச்சு, வழக்கு ஹைகோர்ட்டுக்குப் போச்சு, எல்லாரும் வடம் பிடிக்கலாம்னு உத்தரவு வந்துச்சு, வந்தும் வருஷக்கணக்கா இழுத்துச்சு, 2006-க்கு அப்புறம் தேரே ஓடல. 2024 ஜூன்லதான் புதுத்தேரு போலீஸ் காவலோட ஓடுச்சு. எழுதி வச்சு 74 வருஷம். இதை ஜெயிச்சதுன்னு சொல்றதா தோத்ததுன்னு சொல்றதா எனக்குத் தெரியல. 1949 நவம்பர்ல, அரசியல் சட்டம் நிறைவேறதுக்கு முந்தின நாள், அம்பேத்கர் சொன்னாரு, எவ்வளவு நல்ல சட்டமா இருந்தாலும் நடத்தறவங்க மோசமா இருந்தா அது மோசமாத்தான் போகும்னு. அவருக்குத் தெரியாதது ஒண்ணும் இல்ல. தெரிஞ்சும் அவ்வளவு உடம்பு முடியாத நெலமையிலயும் உக்காந்து ஒவ்வொரு பிரிவா எழுதினாரே, ஏன்?

என் பதில் அப்பத்தா பெட்டியில இருக்குன்னு நினைக்கறேன். "எழுத்து இருக்கேப்பா, பதில் சொல்லித்தான ஆகணும்." எழுத்து இருந்தா அப்பத்தாவுக்குப் பணம் தானா வந்துரல, ஆனா பங்காளிகளால அவுகளைப் பாக்காத மாதிரி தாண்டிப் போக முடியல. ஆபீஸ் தோழியோட அப்பா "தெரியும்"னு சொல்லிட்டு தூரத்துல நின்னாரு, அவ கோர்ட் உத்தரவைப் பேப்பர்ல படிச்சுட்டு "எழுதியிருக்கு அக்கா"ன்னு சொன்னா. அந்த ரெண்டு வார்த்தைக்கும் நடுவுல இருக்கற தூரம்தான் நான் சொல்ல வர்ற விஷயம். வழக்கம் யாருக்குச் சாதகமா இருக்கோ அவுகளுக்கு எழுத்து தேவைப்படாது, அவுகளைப் போலீஸ்காரன் சார்னுதான் கூப்பிடுவான், எழுதாமலே எல்லாம் நடக்கும். தம்பி லண்டன்ல சௌகரியமா இருக்கான், அது பொய்யில்ல. கென்யாவுல இருந்து பாஸ்போர்ட்டோட வந்து ஏர்போர்ட்ல நின்னவனுக்குத்தான் ஒரு பக்கம் தேவைப்பட்டுச்சு, காட்ட.

எனக்கே இது நடந்திருக்கு. எனக்குக் கல்யாணம் ஆனது 1992-ல, எங்க அக்காவுக்கு 1986-ல. பொம்பளைப் பிள்ளைக்கு சீர் உண்டு, வீட்டுல பங்கு கெடையாது, இது எங்க வழக்கம், நாங்களும் அதைக் கேக்கணும்னு கனவுல கூட நினைச்சதில்ல. 1989-ல தமிழ்நாட்டுல சட்டம் வந்துச்சு, மகளுக்கும் பரம்பரைச் சொத்துல சமபங்குன்னு, ஆனா 1989 மார்ச் 25-க்கு முன்னால கல்யாணம் ஆனவுகளுக்கு இல்ல. ஒரே வயித்துல பொறந்த எங்க ரெண்டு பேர்ல எனக்கு உண்டு, அக்காவுக்கு இல்ல. 2005-ல மத்திய சட்டத்தைத் திருத்துனப்பதான் அவளுக்கும் வந்துச்சு. கொஞ்ச வருஷம் முந்தி வீட்டுப் பத்திரத்துல ஏதோ மாத்தணும்னு வந்தப்ப, என்னைய வளவுல கூப்பிட்டு உக்கார வச்சு ஒரு நல்லது கெட்டது கேட்டிராத பெரியவுக, காபி டம்ளரைக் கீழ வச்சுட்டு "ஆத்தா, நீயும் ஒரு கையெழுத்துப் போடணும்"னாக. நான் பங்கு கேட்டு சண்டை போடல. ஆனா கேக்காமத் தாண்டிப் போக அவுகளால முடியல. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல, சந்தோசமா துக்கமான்னு தெரியாம முழிச்சுக்கிட்டே கெடந்தேன். அது சாதாரணச் சட்டம்தான், ஆனா ஆணும் பொண்ணும் சமம்னு சொல்ற 14, 15-ஆம் பிரிவு மேல உக்காந்திருக்கற சட்டம். அடியில அது இல்லைன்னா அடுத்து வர்றவுக ஒரே வாரத்துல எடுத்துரலாம், கென்யாக்காரனுக்கு எடுத்த மாதிரி.

அந்த இட்லிக்கடை அக்கா சொன்னதும் இதோட சேந்து நிக்குது எனக்கு. எழுதியிருந்துச்சுன்னு அவுகளுக்கு யாருமே சொல்லல. எழுத்து பெட்டியில கெடந்தா பத்தாது, யாருக்காக எழுதுனமோ அவுக கைக்கு வரணும். அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும், அதனாலதான் எந்தக் காகிதத்தை எடுத்துக்கிட்டுப் போகணும்னு தெரிஞ்சிருந்துச்சு.

இந்த வருஷப் படைப்புக்கு முன்னால வீட்டுக்கு ஒரு ஒப்பந்தம் எழுதிரலாம்னு நான் சொன்னேன், ஓடு மாத்தற செலவு யாரு, சாவி யாருகிட்ட, விக்கறதுன்னா யாரையெல்லாம் கேக்கணும், இந்த வீட்டுல பொறந்த பொண்ணுக வந்தா எந்த அறையில தங்கறது எல்லாம். பெரியவுக ஒருத்தர் "பங்காளிகளுக்குள்ள எதுக்காத்தா எழுத்து, நம்பிக்கை இல்லையா"ன்னு கேட்டாக. தம்பிதான் லண்டன்ல இருந்து ராத்திரி முழுக்க உக்காந்து டைப் பண்ணி அனுப்புனான், பேரு வரிசையில மகள்களையும் சேத்து. 41 கையெழுத்து வேணும், 39 வந்துருச்சு. ஒண்ணு கோலாலம்பூர்ல இருந்து தபால்ல வரணும். இன்னொண்ணு அந்தப் பெரியவுகளோடது, ஞாயித்துக்கிழமை காலையில நேர்லயே போறேன்.